கொல்லைப்புறக் குளத்து ஆமை: அது வந்த வழி



இன்றைய வரலாற்றுப் பேச்சில் அரசர்களும் இல்லை, போர்க்களங்களும் இல்லை. ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஓர் ஆமைக்குஞ்சைப் பற்றியே பேசப் போகிறோம். இரவுச் சந்தையிலும், வண்ண மீன் விற்கும் கடைகளிலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை ஓடு, கண்களுக்குப் பின்னால் இரு புறமும் ஒரு சிவப்புக் கீற்று, அதை வைத்துக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை. பிள்ளை கேட்கும், பெற்றோர் வாங்கிக் கொடுப்பர். சில மாதங்களில் பெட்டி போதாது, வாளிக்கு மாறும். பிறகு வாளியும் போதாது. கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டப்படும், அல்லது ஒரு சிறு குளம் வெட்டப்படும்.

இந்த ஆமையின் முன்னோர் பேராக் ஆற்றையும் கண்டதில்லை, பகாங் ஆற்றையும் கண்டதில்லை. அவர்களுடைய ஊர் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே பிறந்த ஓர் ஆற்று ஆமை, ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் வீட்டுக் கொல்லைகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது முற்றிலும் மகிழ்ச்சியான வரலாறு அன்று.

முதலில் பெயர்களைச் சற்றுப் பார்ப்போம். நாம் தமிழில் ஆமை என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறித்துவிட்டு, தேவைப்படும்போது கடலாமை, பாலாமை, காராமை என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறோம். மலாய் மொழியில் அப்படி அன்று. கடலில் வாழ்வது பென்யூ. பெரிய ஆறுகளின் முகத்துவாரத்தில் வாழ்வது துந்தோங். மெத்தென்ற ஓடுடையது லாபி-லாபி. குளம், சதுப்பு, காடு ஆகிய இடங்களில் இருப்பவை கூரா-கூரா. ஆற்றங்கரையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் மொழி அவ்வாறு வகைபிரித்து வைத்திருப்பதில் வியப்பில்லை. இந்தப் பேச்சில் நாம் கூரா-கூராக்களைப் பற்றியும், அவற்றின் இடத்துக்கு வந்த அமெரிக்க விருந்தாளியைப் பற்றியும்தான் பேசுகிறோம். அந்த விருந்தாளியைச் செங்காது ஆமை என்று அழைப்போம்.

தமிழர் வீடுகளில் ஆமை வளர்க்கும் வழக்கம் பழைய காலத்தில் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைத் தோட்டத்துப் பாட்டிமார் இன்றும் சொல்வர். அமீனா என்பவர் நீதிமன்ற ஆணையுடன் வந்து கடனுக்குச் சொத்தை எடுத்துச் செல்பவர். அவரோடு ஒரே வரிசையில் ஆமையையும் நிறுத்திவிட்டார்கள்! கல்லாமை, பொறாமை, இயலாமை ஆகிய 'ஆமை'களே இங்குக் குறிக்கப்படுகின்றன என்று விளக்கம் கூறுவோரும் உண்டு. வகுப்பில் சொல்வதற்கு அந்த விளக்கம் அழகானதுதான். ஆனால், பழமொழியை முதன்முதலில் சொன்னவர் அவ்வளவு தூரம் யோசித்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

அதே தமிழர்தாம் திருமாலின் அவதாரங்களுள் ஒன்றாகக் கூர்மத்தை வணங்குகின்றனர். வள்ளுவரும் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையைத்தான் உவமை காட்டினார். ஆந்திர மாநிலத்தில் ஸ்ரீகூர்மம் என்னும் தலத்தில் கோயில் வளாகத்திலேயே நட்சத்திர ஆமைகளை வைத்துப் பேணுகிறார்கள். கோயிலில் இருந்தால் தெய்வம், வீட்டுக்குள் வந்தால் தரித்திரம் என்ற இந்த இரட்டைப் போக்கு நம்மவர்க்கு உரியது.

நம் அண்டை வீட்டுச் சீனர்களுக்கு இந்தத் தயக்கமே இல்லை. அவர்களுக்கு ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் 1890களில் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி பௌத்த ஆலயத்துக்குப் பள்ளிச் சுற்றுலா சென்றவர்கள் அங்குள்ள ஆமைக் குளத்தை மறந்திருக்கமாட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். வாசலிலேயே கங்கோங் கீரைக் கட்டுகள் விற்பார்கள். அதை வாங்கி நீட்டினால் கழுத்துகள் நீளும். அடைபட்ட உயிருக்கு விடுதலை கொடுப்பது புண்ணியம் என்னும் பௌத்தக் கருத்தில் எழுந்த குளம் அது. பிடிபட்ட ஆமையைச் சமையல் சட்டிக்குப் போகாமல் வாங்கிக் கொண்டுவந்து அங்கே விடுவார்கள். நோக்கம் நல்லது. ஆனால், விடுதலை பெற்ற ஆமை வாழ்வது சுவருக்குள்தான் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். விடுதலை என்ற இந்தச் சொல் நம் பேச்சில் மீண்டும் வரும்.

வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆமையை வைத்துக்கொண்டு, அதைப் பொறுமையாகக் கவனித்து எழுதிவைத்த முன்னோடி ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சமயகுரு கில்பர்ட் வைட். இவருடைய அத்தை ரெபெக்கா சுனூக் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒரு நில ஆமையை வளர்த்து வந்தார். 1780-ல் அத்தை காலமானபின் அந்த ஆமை மருமகன் கைக்கு வந்தது. குளிர்காலத் தூக்கத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த அதை வெளியே எடுத்து, பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார் வைட். பிறகு ஆண்டுதோறும் அது எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது, எவ்வளவு எடை இருக்கிறது என்றெல்லாம் குறித்துவைத்தார். அதன் காதருகே ஒலிபெருக்கிக் குழல் வைத்துக் கத்தியும் பார்த்தார்; அது பொருட்படுத்தவேயில்லை. அதற்குத் திமோத்தி என்று ஆண்பெயர் இருந்தது. 1793-ல் வைட் இறந்தார். அடுத்த ஆண்டில்தான் ஆமை இறந்தது. அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. பிற்காலத்தார் ஆராய்ந்து பார்த்தபோது திமோத்தி ஒரு பெண் ஆமை என்று தெரிந்தது!

அத்தையைவிட அதிக நாள் இருந்தது. மருமகனைவிடவும் அதிக நாள் இருந்தது. ஆமை வளர்ப்பின் வரலாற்றில் மற்றச் செய்திகளையெல்லாம்விட முக்கியமானது இதுதான். நாய், பூனை, கோழி ஆகியவற்றுக்கு நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு ஆமைக்குப் பொருந்தாது. செங்காது ஆமை நல்ல கவனிப்பில் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆண்டு ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை படிவம் ஐந்தை முடித்து, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொண்ட பிறகும் அது குளத்தில் இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதில்லை.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டு மலிவு விலைக் கடைகளில் ஆமைக்குஞ்சு ஒரு விளையாட்டுப் பொருளைப் போல விற்கப்பட்டது. தொடக்கத்தில் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் பிடித்து விற்றார்கள். பிறகு லூசியானா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களில் இதற்கென்றே பண்ணைகள் ஏற்பட்டன. தாய் ஆமைகளைக் குளங்களில் வளர்த்து, அவை கரையேறி மண்ணில் இடும் முட்டைகளைத் தோண்டியெடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். சில குஞ்சுகளின் ஓட்டில் வண்ணம் பூசிப் பூப்படங்கள் எழுதியும் விற்றார்கள். ஓடு என்பது சட்டை அன்று. அது உடம்பின் எலும்போடு சேர்ந்து வளர்வது. மேலே பூசிய வண்ணம் இறுகிக்கொண்டதால் பல குஞ்சுகள் ஓடு கோணி வளர்ந்தன. பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட பாத்திரமும் அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில்தான் புகழ்பெற்றது. நம் சந்தைக்கு அது வரும்போதும் அந்த மரத்தை மாற்றவில்லை என்பது வேடிக்கை.

அந்தப் பாத்திரத்தில் வைத்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஓராண்டைக் கடக்கவில்லை. வெயில் இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லை, நீந்த இடமில்லை. ஓடு மென்மையாகி, கண் வீங்கி இறந்துபோயின. இறந்தால் இன்னொன்று வாங்கினார்கள். வியாபாரம் அந்த இறப்பின் மேல்தான் நடந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

1970களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். அமெரிக்காவில் சால்மொனெல்லா என்னும் கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது இந்த வளர்ப்பு ஆமைகளிடமிருந்து. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். ஆமைக்கு அந்தக் கிருமியால் நோய் தெரிவதில்லை. அது சுகமாகவே இருக்கும். பிள்ளை அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கும். சில பிள்ளைகள் ஆமையையே வாயில் வைக்கும்.

1975-ல் அமெரிக்க அரசு ஒரு தடை கொண்டுவந்தது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையை வளர்ப்புக்காக விற்கக்கூடாது. ஏன் 4 அங்குலம்? அதைவிடப் பெரிய ஆமை குழந்தையின் வாய்க்குள் போகாது என்ற எளிய கணக்குத்தான். அடுத்த ஆண்டில் மட்டும் பிள்ளைகளிடையே சுமார் 1 லட்சம் பேருக்கு நோய் வராமல் தடுக்கப்பட்டதாகப் பின்னர் மதிப்பிட்டனர். பொதுச் சுகாதார வரலாற்றில் இது ஒரு நல்ல வெற்றி.

ஆனால், நேயர்களே, அந்தத் தடைக்கு ஒரு பின்கதவு இருந்தது. உள்நாட்டில் விற்கத்தான் தடை. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. பண்ணைகள் மூடப்படவில்லை. தாய் ஆமைகள் முட்டையிடுவதையும் நிறுத்தவில்லை. தம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அந்நாடு முடிவு செய்த பொருள், மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குக் கப்பலிலும் விமானத்திலும் ஏறியது. 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட செங்காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின. வரலாற்று மாணவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதைய மலேசிய மக்கள்தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் அது.

அந்த ஆண்டுகளில் வியாபாரத்துக்கு ஓர் எதிர்பாராத விளம்பரமும் கிடைத்தது. நிஞ்சா ஆமைகள் என்ற படக்கதை 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1987-ல் அது தொலைக்காட்சித் தொடராகி, 1990-ல் திரைப்படமாகவும் வந்தது. ஆயுதம் பிடித்துச் சண்டையிடும் அந்த நான்கு ஆமைகளைக் கண்ட பிள்ளைகள் உலகமெங்கும் ஆமை கேட்டு அடம்பிடித்தனர். ஜப்பானில் அதற்கு முன்பே, 1960களிலேயே, சாக்லெட் வாங்குவோருக்குப் பரிசாக ஆமைக்குஞ்சு கொடுத்த நிறுவனமும் உண்டு. உயிரைப் பரிசுப் பொருளாக்கினால் அது குப்பைத் தொட்டி வரை போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இவ்வாறாக 1980களிலும் 1990களிலும் மலேசிய, சிங்கப்பூர்க் கடைகளில் செங்காது ஆமை நிலையான சரக்காயிற்று. இங்கே பனி இல்லை, குளிர்காலம் இல்லை. வெயிலும் வெதுவெதுப்பான நீரும் ஆண்டு முழுதும் கிடைக்கும். அமெரிக்காவில் பாத்திரத்தில் செத்த குஞ்சு, நம் கொல்லைப்புறக் குளத்தில் பிழைத்துப் பெருத்தது. பெண் ஆமையின் ஓடு 28 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டின் அகலம். நாணய அளவில் வாங்கியதைத் தட்டு அளவில் எங்கே வைப்பது என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது.

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். வெளிநாட்டு ஆமை கப்பலேறி வந்த அதே காலத்தில், நம் நாட்டு ஆமைகள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன. 1990களில் சீனாவில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மக்கள் கையில் பணம் புழங்கியபோது, உணவுக்கும் மருந்துக்கும் ஆமை வேண்டும் என்ற தேவை பன்மடங்காயிற்று. அந்நாட்டு ஆமைகள் போதவில்லை. தென்கிழக்காசியக் காடுகளும் வயல்களும் தேடப்பட்டன. நம் நாட்டில் கூரா-கூரா காத்துப் என்னும் ஆமை உண்டு. அடி ஓட்டில் கீல் போன்ற ஓர் அமைப்பு இருப்பதால், தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெட்டியைப் போல மூடிக்கொள்ளும். தோட்டத்து வாய்க்கால்களிலும் செம்பனைக் காட்டுப் பள்ளங்களிலும் பழைய ஈய லம்பக் குட்டைகளிலும் அது இருந்தது. வேலைக்குப் போன வழியில் அதைப் பிடித்து வந்து, லாரியில் வரும் வியாபாரிக்குக் கிலோக் கணக்கில் கொடுத்ததைத் தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெட்டியைப் போல மூடிக்கொள்வது புலியிடமிருந்து தப்ப உதவலாம். சாக்குப் பையிலிருந்து தப்ப உதவாது.

1999-ஆம் ஆண்டு டிசம்பரில் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, ஆசிய ஆமைகள் அழிவை நோக்கிச் செல்வதை உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டே கூரா-கூரா காத்துப் உள்ளிட்ட அந்தப் பேரினம், அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தீபகற்பத்தில் இவ்வாமைக்குப் பாதுகாப்பளித்தது. ஆதலால், மழைக்காலத்தில் வாய்க்காலில் அகப்பட்டது என்று அதைக் கொண்டுவந்து குளத்தில் போட்டு வளர்ப்பது இன்று சட்டத்துக்குப் புறம்பானது. வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

உள்ளூர் ஆமை போன இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதை நகரத்துப் பூங்காக் குளம் எதையும் போய்ப் பாருங்கள். கல்லின் மேலும் மரக்கட்டையின் மேலும் வரிசையாக வெயில் காய்பவற்றின் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று தெரியும்.

அவை தாமாக நடந்து வரவில்லை. வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டவை அவை. பெரும்பாலோர் கொடுமைக்காரர்களும் அல்லர். வீடு மாறுகிறோம், பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டான், தண்ணீர் மாற்ற ஆளில்லை, பாவம், அது சுதந்திரமாக இருக்கட்டும் என்று எண்ணி விடுகிறார்கள். விசாகத் திருநாளில் புண்ணியம் கருதி விடுவோரும் உண்டு. புண்ணியத்துக்காக விடுவோர் இருக்கிறார்கள் என்பதாலேயே பிடித்து விற்போரும் இருக்கிறார்கள் என்பது இதிலுள்ள சோகம். வேறுபாடு அறியாமல் நில ஆமையைக் கொண்டுபோய் நீர்த்தேக்கத்தில் விடுவோரும் உண்டு. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது மூழ்கி இறக்கும். கூப்பிய கையோடு கரையில் நிற்பவருக்கு அது தெரியாது.

சிங்கப்பூரில் இதற்காகவே ஆண்டுதோறும் விசாகத் திருநாளை ஒட்டி நீர்த்தேக்கங்களில் அதிகாரிகளும் தொண்டர்களும் நின்று மக்களுக்கு விளக்குகிறார்கள். 2020-ல் அந்நாட்டு வனவிலங்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணியைக் கொண்டுபோய் வெளியே விட்டாலும் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. 2001-ல் ஜூரோங் சீனப் பூங்காவில் தொடங்கப்பட்டு 2019-ல் ஈசூனுக்கு இடம் மாறிய ஆமை அரும்பொருளகத்தைப் பார்த்தவர்கள், ஒரு குடும்பம் ஆமைகள்மேல் கொண்ட ஆசை எவ்வளவு இடத்தையும் உழைப்பையும் கேட்கும் என்பதை நேரில் கண்டிருப்பார்கள்.

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பின்புறமும் ஒரு குளம் உண்டு. அறிவியல் பாடத்துக்காக மீனும் தாமரையும் வைக்க வெட்டியது. இன்று அதில் ஆறு செங்காது ஆமைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூடப் பள்ளி வாங்கவில்லை. விடுமுறை முடிந்து வரும்போது குளத்தில் ஓர் ஆமை கூடியிருக்கும்; அவ்வளவுதான். சிலர் மட்டும் நேரில் வந்து, சார், பக்கத்து ஆற்றில் விடலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளையின் கையில் வாளி இருக்கும், வாளிக்குள் தட்டு அகலத்தில் ஆமை இருக்கும். வேண்டாம், இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம். தாமரை போய்விட்டது, அதைத் தின்றவை இவைதாம். ஆனால், ஆற்றில் விட்டால் தின்னப்படுவது எங்கள் தாமரை மட்டுமாக இராது.

தின்பது ஒருபுறம். இடம் பிடிப்பது மற்றொன்று. ஆமைக்குக் குளிர்ந்த இரத்தம். காலையில் வெயில் காய்ந்தால்தான் உடல் இயங்கும், உணவு செரிக்கும். 2000களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் அந்நாட்டுக் குள ஆமைகளையும் செங்காது ஆமைகளையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல வெயில் விழும் இடங்களைச் செங்காது ஆமைகள் பிடித்துக்கொண்டன. உள்நாட்டு ஆமைகள் தாழ்ந்த இடங்களுக்கு ஒதுங்கின. உரத்த சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மரக்கட்டையின்மேல் யார் உட்காருவது என்ற சிறிய விஷயத்திலேயே ஓர் இனம் தேயத் தொடங்கிவிடும்.

உலக நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் செங்காது ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. உடனே வியாபாரிகள் காதில் சிவப்புக்குப் பதில் வயிற்றில் மஞ்சள் உள்ள அதன் நெருங்கிய உறவினத்தைக் கொண்டுவந்து விற்றார்கள். சட்டத்தில் அதன் பெயர் இல்லையே! 2016-ல்தான் அந்த இனம் முழுவதையும் ஐரோப்பா பட்டியலில் சேர்த்தது. தென்கொரியா 2001-ல் இறக்குமதியைத் தடுத்தது. ஒவ்வொரு தடையும் புதிய குஞ்சுகளின் வரவைக் குறைத்தது உண்மை. ஆனால், ஏற்கெனவே வீட்டில் இருந்த ஆமைக்கு ஒரு தடையும் வழி சொல்லவில்லை. சட்டவிரோதம் என்று அஞ்சியவர்கள் இரவோடு இரவாக அதைக் குளத்தில் கொண்டுபோய் விட்டால் யார் கண்டது?

இந்த விஷயத்தில் நிதானமாக யோசித்த நாடு ஜப்பான் என்பது எங்கள் கருத்து. 2023-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் அங்கே நடைமுறைக்கு வந்த விதி செங்காது ஆமையை விற்கவும் இறக்குமதி செய்யவும் வெளியே விடவும் தடை விதித்தது. ஆனால், ஏற்கெனவே வளர்ப்பவர் தொடர்ந்து வளர்க்கலாம்; அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. வளர்க்க முடியாவிட்டால் வேறொருவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். வளர்ப்பையே குற்றமாக்கினால் வீட்டுக் குளத்தில் உள்ளவையெல்லாம் ஒரே வாரத்தில் ஆற்றுக்குப் போய்விடும் என்பதை அங்குள்ளவர்கள் உணர்ந்திருந்தனர்.

விடுவதே எப்போதும் தவறா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இல்லை. திரங்கானு மாநிலம் கெமாமானில் கம்போங் பாசிர் காஜா என்னும் ஆற்றங்கரைக் கிராமம் இருக்கிறது. மலேசிய ஆமைப் பாதுகாப்புக் கழகம் 2011-ல் தொடங்கப்பட்டு, அக்கிராமத்து மக்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஆற்று மணலில் துந்தோங் இடும் முட்டைகளை முன்பு தின்னவும் விற்கவும் எடுத்தவர்கள், இப்போது பொரிக்க வைப்பதற்காக எடுத்துக் கொடுக்கிறார்கள். குஞ்சுகளைச் சில காலம் வளர்த்து, அதே ஆற்றில் விடுகிறார்கள். எந்த ஆற்றின் முட்டையோ அந்த ஆற்றுக்கே திரும்பப் போகிறது. இதற்கும் வாளியோடு வந்து விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டு நான்கு மாணவர்களே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆமை இருந்தால் சில குறிப்புகள். தண்ணீர் அதன் ஓட்டின் அகலத்தைவிட ஆழமாக இருக்க வேண்டும். அது உணவை நீருக்குள்தான் விழுங்கும். முழுவதும் ஏறி உலர்வதற்கு ஒரு கல்லோ கட்டையோ வெயில் விழும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மூலையில் நிழலும் இருக்கட்டும். சுற்றுச்சுவர் ஆமை ஏறிப்போகாத உயரத்துக்கும், உடும்பு எளிதில் நுழையாதபடியும் அமையட்டும். கங்கோங், சிறு மீன், ஆமைத் தீனி மூன்றையும் மாற்றி மாற்றிப் போடலாம். சோறும் ரொட்டியும் வேண்டாம். முன்னங்கால் நகம் நீண்டிருந்தால் ஆண். பெண்ணாக இருந்தால், ஆண் துணை இல்லாமலேயே முட்டையிட மண்ணைத் தேடும். கரையில் ஒரு முழ அகலமாவது மணல் கலந்த மண் வைத்துக்கொடுங்கள். இடமில்லாமல் முட்டையை உள்ளேயே அடக்கி இறந்துபோகும் ஆமைகள் உண்டு. பொரிக்கும் முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடே தீர்மானிக்கிறது. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். பொரித்தால் 30 ஆண்டுக் கணக்கு மறுபடியும் தொடங்கும். ஆகவே ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைக்காதிருப்பதே நல்லது.

ஏடிஸ் கொசுவைப் பற்றிக் கேட்பீர்கள். மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில் துணி துவைக்கும் தொட்டிகளில் இளம் ஆமைகளை விட்டுக் கொசுப் புழுக்களை ஒழிக்க முடிந்ததாக 1993-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எங்கள் குளத்திலும் புழு தங்குவதில்லை. அதற்காக யாரும் புதிதாக ஆமை வாங்கத் தேவையில்லை; கப்பி மீன் போதும், அது 30 ஆண்டு வாழாது.

ஆமையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதைத் தொடவே வேண்டாம். குளத்து நீரை அடுக்களைத் தொட்டியில் ஊற்றாமல் வாழைக்கு ஊற்றுங்கள். வாழை நன்றாக வரும். எங்கள் பள்ளிக் குளத்தங்கரையில் நிற்கும் இரண்டு பிசாங் மாஸ் மரங்களும் அந்த நீரில் வளர்ந்தவைதாம்.